இரவு இரண்டு மணிக்கு அமத்துவது யார்?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் எழுதியதன் சுருக்கம்:

"மூன்று கேடிஎச் வான் வைத்து ஹயர் ஓடுகிறேன். கூடுதலாகக் கட்டுநாயக்க எயார்போட் ஹயர்தான். அக்காவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். யூன் மாதம் அவன்தான் கூகுளில் விளம்பரம் போட்டுத் தந்தான். நாளுக்கு 20 கனேடிய டொலர், அவனுடைய கார்டில்தான் போகிறது. முதல் இரண்டு கிழமை நல்லாய் போன் வந்தது. இப்போது நாளுக்கு ஐம்பது அறுபது கிளிக் என்று காட்டுகிறது, அழைப்பு ஒன்றோ இரண்டோ. மத்தியானத்துக்குப் பிறகு தேடினால் எங்கள் விளம்பரமே இல்லை. சில நாள் 30 டொலரையும் தாண்டிவிட்டது. மருமகன் அனுப்பிய ரிப்போட்டில் இரவு பன்னிரண்டில் இருந்து மூன்று மணி வரைக்கும்தான் கிளிக் குவிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் யார் வான் தேடுவது? என்னிடம் சாரதியாக இருந்த பெடியன் ஒருவன் போன வருடம் விலகித் தனியாக ஓடுகிறான். அவன்தான் இருந்து எங்கள் விளம்பரத்தை அமத்தி அமத்திக் காசைக் கரைக்கிறான் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு கிளிக்குக்கும் எங்களுக்குத்தானே காசு போகிறது. அவனுடைய ஐ.பி.யை, அதாவது இணைய இணைப்பின் இலக்கத்தை, எடுக்கலாமா? பொலிஸில் கொடுக்கலாமா? மாதக் காசுக்குக் கிளிக் தடுப்பு மென்பொருள் போட்டுத் தருகிறோம் என்று ஒரு கம்பனி கேட்கிறது. அதுவும் சரிவராவிட்டால் நாங்களும் அவனுடைய விளம்பரத்தை அமத்துவோமா? இதற்குள் வட்ஸ்அப்பில் வெளிநாட்டு நம்பர்களில் இருந்து சும்மா விலை கேட்டுத் தொல்லை. பதில் போடுவதில்லை. மருமகனின் காசு வீணாய்ப் போவதுதான் பெரிய வெட்கமாக இருக்கிறது."

ஐயா, அந்த இரவு மூன்று மணிக் கணக்கை முதலில் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றின் மூலையில் கணக்கின் நேர வலயம் தெரிகிறது: ரொறன்ரோ. மருமகன் கணக்கைத் திறந்தபோது தன் ஊர் நேரத்தையும் தன் ஊர்க் காசையும் கொடுத்திருக்கிறார். கூகுள் விளம்பர ரிப்போட் மணி காட்டுவது கணக்கின் நேரத்தில்தான், வான் நிற்கிற ஊரின் நேரத்தில் இல்லை. இப்போது அங்கே கோடைகால நேரம் என்பதால் யாழ்ப்பாணம் ரொறன்ரோவை விட ஒன்பதரை மணித்தியாலம் முந்தி நிற்கிறது. ஆக, ரிப்போட்டில் இரவு பன்னிரண்டு என்று இருப்பது கொக்குவிலில் காலை ஒன்பதரை. மூன்று மணி என்று இருப்பது மத்தியானம் பன்னிரண்டரை. பேய் உலாவுகிற நேரத்தில் யாரும் அமத்தவில்லை. ஊர் முழுக்க விழித்திருந்து போனைத் தோண்டுகிற நேரத்தில்தான் கிளிக் விழுகிறது.

இதே நேர வலயம் இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறது. உங்கள் 20 டொலருக்குரிய 'நாள்' ரொறன்ரோ நள்ளிரவில், அதாவது உங்கள் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. காசை நாள் முழுக்கப் பரப்பிச் செலவழிக்கத்தான் கூகுள் பார்க்கும். ஆனாலும் சின்னத் தொகை, எதற்கும் பொருந்துகிற மாதிரி அகலத் திறந்துவிட்ட தேடல் சொற்கள், இரண்டும் சேர்ந்தால் மூன்று மணித்தியாலத்தில் கரைந்துபோவதும் உண்டு. உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. மத்தியானத்துக்குப் பிறகு விளம்பரம் காணாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

இனிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்காபரோவில் ஒரு குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வர ரிக்கற் போட்டுவிட்டு, எயார்போட்டில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவர வான் தேடுவது எப்போது? வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, இரவு எட்டு ஒன்பதுக்கு. அப்போது இங்கே விடிகாலை ஆறு. அந்த நேரத்தில் உங்கள் விளம்பரம் படுத்துக் கிடக்கிறது, ஏனென்றால் அன்றைய காசு முதல் நாள் மத்தியானமே முடிந்துவிட்டது. உங்களுக்குக் கூடுதலாக உழைப்புத் தருகிற ஆட்களுக்கு நீங்கள் தெரியவே இல்லை.

சில நாள் 30 டொலர் தாண்டியதைப் பற்றி ஒரு சொல். 20 என்று நீங்கள் போடுவது சராசரித் தொகை. ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு வரைக்கும் கூகுள் செலவழிக்கலாம், மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு மாத உச்சம் 608 டொலர். 34 டொலர் போன நாள் மோசடி நாள் ஆகாது.

சரி, கிளிக் மோசடி என்று ஒன்று இல்லையா? இருக்கிறது, அதுவும் சாதாரணமாக இல்லை. ஒரு கிளிக்குக்கு இவ்வளவு காசு என்று தேடல் விளம்பரம் விற்கிற முறையை 1998இல் அமெரிக்காவில் கோட்டு டொட் கொம் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. பின்னாலேயே மோசடியும் வந்தது. 2006இல் ஆர்கன்சோ மாநிலத்தில் விளம்பரதாரர் தொடுத்த வழக்கை முடிக்க கூகுள் 9 கோடி டொலர் வரை கொடுக்க ஒத்துக்கொண்டது. விளம்பரதாரர்களுக்கு அது காசாக இல்லை, இனிப் போடும் விளம்பரத்துக்கான வரவாகத்தான் கிடைத்தது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. வெளியிட்ட எஸ்தோனியக் கும்பலின் கதை இன்னும் பெரிது. நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகளில் ஒரு கிருமியைப் புகுத்தி, அவற்றில் இருந்தவர்கள் ஒன்றை அமத்த இன்னொன்று திறக்கிற மாதிரிச் செய்து, குறைந்தது 1.4 கோடி டொலர் உழைத்தார்கள். பிறகு ஒரு ரஷ்யர், சுமார் 2,000 சேர்வர்களை வாடகைக்கு எடுத்து, மனிதர் மவுசை அசைப்பது போலவும் பக்கத்தை உருட்டுவது போலவும் நடிக்கிற ரோபோக்களை ஓடவிட்டார். ஆளில்லாத போலித் தளங்களில் விளம்பரம் ஓட, காசு வந்தது. 2021இல் நியூயோர்க்கில் அவருக்குப் பத்து வருடச் சிறை.

இந்தக் கும்பல்களின் கதைகளில், மோசடி செய்கிறவனுக்கு ஒவ்வொரு அமத்தலுக்கோ விளம்பரம் ஓடுகிற ஒவ்வொரு தடவைக்கோ காசு கிடைக்கிறது. அதனால்தான் அது தொழிலாகிறது. விளம்பரம் தெரிகிற இடத்தை வைத்திருப்பவர், அதாவது இணையத் தளமோ அப்போ கேமோ நடத்துகிறவர், விளம்பர வருமானத்தில் பெரும் பங்கை எடுக்கிறார். பொய்க் கிளிக் பிறப்பது அங்கேதான். உங்கள் பழைய சாரதிக்கு உங்களுடைய விளம்பரத்தை அமத்துவதால் ஒரு சதமும் வராது. ஆத்திரம் தீரலாம், அவ்வளவுதான். நாளாந்தம் ஐம்பது தடவை, அதுவும் ஹயர் ஓடுகிற மனிதன், காலை ஒன்பதரையில் இருந்து பன்னிரண்டரை வரை இருந்து அமத்துவானா? அவன் அந்த நேரம் வவுனியாவில் எங்கோ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான்.

ஒரே போனில் இருந்து, ஒரே இணைப்பில் இருந்து திரும்பத் திரும்ப விழுகிற கிளிக்கைக் கண்டுபிடிப்பது கூகுளுக்கு மிகச் சின்ன வேலை. இரண்டு தரம் தட்டினால் இரண்டாவது தட்டலுக்குக் கூடக் காசு எடுப்பதில்லை. இப்படித் தள்ளிவைத்ததைப் பார்க்க கணக்கிலேயே ஒரு நிரல் இருக்கிறது: 'இன்வலிட் கிளிக்ஸ்'. நீங்கள் அனுப்பிய படங்களில் அது இல்லை, ஏனென்றால் தானாகத் தெரியாது, சேர்க்க வேண்டும். மருமகனிடம் சொல்லி 'கொலம்ஸ்' பகுதியில் அதையும் 'இன்வலிட் கிளிக் ரேற்'றையும் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே தெரிகிற எண்ணுக்கு நீங்கள் காசு கட்டவில்லை. பலர் அந்த எண்ணைக் கண்டு பதறி எனக்கு எழுதுகிறார்கள். வடிகட்டப்பட்டது அது. பிந்திக் கண்டுபிடிக்கப்படுவது பில் பக்கத்தில் வரவாகத் திரும்பும்.

அப்படியென்றால் அந்த ஐம்பது அறுபது கிளிக் யாருடையது? உங்கள் படங்களில் இருந்தே பெரும்பகுதியைச் சொல்லலாம்.

முதலாவது, விளம்பரம் எங்கெல்லாம் தெரிந்தது என்ற பட்டியல். அதில் பாதிக்கு மேல் போன் கேம்கள். பலூன் உடைக்கிற கேம், சின்னப் பிள்ளைகள் நிறம் தீட்டுகிற அப், ரோச் லைற் அப். தேடல் விளம்பரம் போடும்போது 'டிஸ்பிளே நெற்வேர்க்'கையும், அதாவது மற்றவர்களின் தளங்களிலும் அப்களிலும் காட்டுவதையும், சேர்க்கட்டா என்று கூகுள் கேட்கும், கேட்கும்போதே சரி போட்டு வைத்திருக்கும். மருமகன் அதை எடுக்கவில்லை. விடுமுறை நாளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயின் போனைப் பறித்து வைத்துக்கொண்டு பலூன் உடைக்கிற நாலு வயதுப் பிள்ளை, பெருவிரலால் உங்கள் கேடிஎச் வானை அமத்துகிறது. பக்கம் திறக்கிறது, பிள்ளை அழுகிறது, தாய் மூடுகிறாள். உங்களுக்கு அரை டொலர் செலவு. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கேமைச் செய்தவர் விளம்பரத்தை விரல் படுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாரே, அவருடைய எண்ணத்தைப் பற்றி நான் உத்தரவாதம் தர மாட்டேன். 'டிஸ்பிளே'யை இன்றைக்கே நிறுத்துங்கள். கூகுளோடு சேர்ந்த மற்றத் தளங்களின் தேடலில் காட்டுகிற 'சேர்ச் பாட்னர்ஸ்' என்பதையும் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தேடல் சொற்கள். மருமகன் 'யாழ்ப்பாணம் வான்' என்பதை அகலப் பொருத்தத்தில் விட்டிருக்கிறார். 'சேர்ச் ரேர்ம்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தால் ஆட்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்று வரும். கேடிஎச் விலை, வான் விற்பனைக்கு, யாழ்ப்பாணம் கொழும்பு பஸ் நேரம், சாரதி வேலை. இந்த மனிதர்கள் உண்மையான மனிதர்கள், உண்மையாகத்தான் அமத்தினார்கள், உங்களிடம் அவர்களுக்கு அலுவல் இல்லை. விலை, விற்பனை, பஸ், ரயில், வேலை, பாட்ஸ் என்ற சொற்களை விலக்குச் சொற்களாகப் போட வேண்டும், அவை இருக்கிற தேடலுக்கு விளம்பரம் தெரியாது. இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, கிழமைக்கு ஒரு தரம் அந்தப் பக்கத்தைத் திறந்து களை பிடுங்க வேண்டும்.

மூன்றாவது நீங்கள்தான், ஐயா. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: காலையில் கந்தோரைத் திறந்ததும் நீங்களும் சாரதிமாரும் ஆளுக்கொரு போனில் தேடி, விளம்பரம் வருகிறதா, பக்கம் திறக்கிறதா என்று பார்க்கிறீர்கள் என்று. அதில் ஒரு பகுதியைக் கூகுள் வடிகட்டியிருக்கும், எல்லாவற்றையும் வடிகட்டியிருக்கும் என்று நம்ப வேண்டாம். வேறு வேறு போன், வேறு வேறு சிம், பார்வைக்கு அவர்கள் புது வாடிக்கையாளர்கள். அமத்தாமல் தேடி மட்டும் பார்ப்பதிலும் நட்டம் உண்டு: பல தரம் தெரிந்தும் யாரும் அமத்தாத விளம்பரத்தை கூகுள் தாழ்த்தி மதிக்கும். பார்க்க ஆசையென்றால் கணக்குக்குள்ளேயே 'அட் பிரிவியூ' என்று ஒரு கருவி இருக்கிறது, இடத்தையும் மொழியையும் கொடுத்தால் காட்டும், காசும் போகாது.

ஐ.பி. பற்றிக் கேட்டீர்கள். கூகுள் யாருடைய ஐ.பி.யையும் உங்களுக்குக் காட்டாது. உங்கள் இணையத் தளம் இருக்கிற சேர்வரின் பதிவேட்டில், அக்சஸ் லொக் என்பார்கள், அது இருக்கும். தளம் செய்துதந்தவரிடம் கேளுங்கள். விளம்பரத்தால் வந்த ஒவ்வொரு வருகையின் முகவரி வால்பகுதியிலும் ஜிகிளிட் என்று ஒரு நீண்ட குறியீடு ஒட்டிக்கொண்டு வரும், கணக்கில் 'ஓட்டோ ராகிங்' என்ற அமைப்பைப் போட்டிருந்தால். ஒரு கிளிக்குக்கு ஒரு குறியீடு. ஒரே குறியீடு ஐந்து வரியில் இருந்தால் ஒருவர் பக்கத்தை ஐந்து தரம் புதுப்பித்திருக்கிறார், காசு ஒரு தரம்தான். ஒரே ஐ.பி.யில் இருந்து பத்து நிமிடத்துக்குள் ஐந்து வேறு வேறு குறியீடுகள் என்றால்தான் புருவத்தை உயர்த்த வேண்டும்.

அப்போதும் அந்த ஐ.பி. ஓர் ஆளுடைய அடையாளம் ஆகாது. டயலொக், மொபிற்றெல், ஹச் என்று எந்த மொபைல் இணைப்பிலும் ஒரே வெளி ஐ.பி.யைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள், அதுவும் அடிக்கடி மாறும். ஒரு கம்பெயினுக்கு, அதாவது ஒரு விளம்பரத் தொகுதிக்கு, 500 ஐ.பி. வரை விலக்க கூகுள் விடுகிறது. வீட்டு இணைப்பு ஒன்று விடாமல் தொல்லை தந்தால் அது உதவும். மொபைல் ஐ.பி.யை விலக்கினால் பெடியன் போவான், அவனோடு கோண்டாவிலில் கல்யாண ஹயர் தேடுகிற ஆளும் போவார்.

அந்தக் கம்பனி விற்கிற மென்பொருள் பெரும்பாலும் இதே வேலையைத்தான் தானாகச் செய்கிறது: வருகிற ஐ.பி.களைக் கவனித்து, சந்தேகமானதை அந்த 500க்குள் சேர்க்கும், பழையதை எடுக்கும். கிளிக் ஒன்றுக்குப் பத்து, இருபது டொலர் கொடுக்கிற சட்டத்தரணிகளுக்கும் காப்புறுதிக்காரருக்கும் அது கட்டுப்படியாகலாம். நாளுக்கு 20 டொலர் போடுகிற உங்களுக்கு இல்லை. மாதக் காசை விளம்பரத்திலேயே போடுங்கள்.

பொலிஸ். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் மையம் அனுமதி இல்லாமல் கணினிக்குள் புகுவதும் தரவைக் கெடுப்பதும். எல்லோரும் அமத்தலாம் என்று வெளியே வைத்த விளம்பரத்தை ஒருவர் அமத்தினார் என்பதை அதற்குள் அடக்குவது சிரமம் என்பது என் அபிப்பிராயம். நான் சட்டத்தரணி இல்லை. மற்றது, ஐ.பி. யாருடையது என்பதை இணைப்பு நிறுவனம் உங்களிடம் சொல்லாது. கையில் ஆதாரம் இல்லாமல் அந்தப் பெடியனின் பேரை முகநூலில் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஒரே கல்யாண வீட்டு வாசலில் இருவருடைய வானும் நிற்கும், ஊர் அவ்வளவுதான்.

திருப்பி அமத்துவதா? வேண்டாம். அவன் செய்தான் என்று நிரூபிக்க முடியாத ஒன்றை நீங்கள் நிச்சயமாகச் செய்தவர் ஆவீர்கள். அதோடு உங்கள் கந்தோர் இணைப்பில் இருந்து விழுகிற கிளிக்குகளை கூகுள் தள்ளிவிடும், மினக்கெட்டது மட்டும் மிச்சம். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் செய்தித் தளமும் வலைத்தளமும் நடத்துகிற சில பேர் 'எங்களுக்கு உதவ விரும்பினால் விளம்பரங்களை ஒரு தரம் அமத்துங்கோ' என்று வாசகரிடம் கேட்பதைக் கண்டிருப்பீர்கள். நல்ல மனதோடு வெளிநாட்டுச் சனமும் அமத்துகிறது. அப்படிக் கேட்பதே, தளக்காரருக்கு விளம்பரக் காசு கொடுக்கிற கூகுளின் அட்சென்ஸ் சேவையின் விதிக்கு விரோதம், கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்த நல்ல மனதுக்குக் காசு கட்டுவது கூகுள் இல்லை, உங்களைப் போல வான் ஓடுகிற, புடவைக் கடை வைத்திருக்கிற ஆட்கள்தான். நம்மவர்களுக்குள் நடக்கிற கிளிக் மோசடியில் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருவது இதில்தான், ஏனென்றால் செய்கிறவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்றே தெரியாது.

வட்ஸ்அப் தொல்லைக்கு வருகிறேன். அந்த நம்பர்களின் முன் எண்ணைப் பாருங்கள். 44, 33, 41 என்று தொடங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உங்கள் விளம்பரம் ஓடுகிற காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை லண்டனில் விடிய ஐந்தில் இருந்து எட்டு, பாரிஸிலும் சுவிஸிலும் ஆறில் இருந்து ஒன்பது. வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து தேடுகிறார்கள். அவர்கள் ஏன் உங்களுக்குப் போன் எடுக்க வேண்டும், நிமிடத்துக்குக் காசு போக? மெசேஜ்தான் போடுவார்கள், முதல் கேள்வி விலையாகத்தான் இருக்கும். விளம்பரம் வேலை செய்யவில்லை என்று நீங்கள் அழைப்பை வைத்துக் கணக்குப் பார்த்தீர்கள். பலன் வட்ஸ்அப்பில் பதில் இல்லாமல் கிடக்கிறது. கட்டுநாயக்கவில் இருந்து யாழ்ப்பாணம், எத்தனை பேர், எத்தனை பெட்டி, ஏ.சி. போட்டு விலை என்ன, வழியில் எங்கே நிற்போம் என்று ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலத்துக்குள் போடுங்கள். இதற்கு மருமகனும் தேவையில்லை.

கம்பெயினை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று இலங்கைக்குள் இருப்பவர்களுக்கு: கல்யாண ஹயர், கோயில் பயணம், கொழும்புப் பயணம். இடத்துக்குரிய அமைப்பில் 'பிரசென்ஸ்' என்பதை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இலங்கையில் ஆர்வம் காட்டுகிற உலகத்தவர் எல்லோரும் உள்ளே வருவார்கள். மற்றது கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வேயில் இருப்பவர்களுக்கு எயார்போட் ஹயர் மட்டும், இணைப்பு நேரே வட்ஸ்அப்புக்கு. 20இல் 14 டொலரை இதற்கு ஒதுக்கலாம். ஓடுகிற மணிகளைக் குறிக்கும்போது கணக்கின் நேரம் ரொறன்ரோ என்பதை மறக்க வேண்டாம். அங்கே மாலை ஆறு முதல் பதினொன்று வரை என்றால் அதையே அப்படியே போடலாம், லண்டனின் மாலை ஆறு அந்தக் கணக்கில் மத்தியானம் ஒன்று.

இவ்வளவும் செய்து மூன்று கிழமை போன பிறகும் தேடல் விளம்பரத்தில் மட்டும் விளங்காத கிளிக் குவிந்தால், அப்போது கூகுளின் 'கிளிக் குவாலிற்றி' படிவத்தை மருமகன் நிரப்பலாம். கணக்குக்குள் போகக்கூடியவர்தான் நிரப்ப வேண்டும். நடந்து இரண்டு மாதம் தாண்ட விடக் கூடாது. திகதி, நேரம், கம்பெயின் பேர், சேர்வர் பதிவேட்டில் இருந்து அந்த ஐ.பி.யும் ஜிகிளிட்டும் இருக்கிற வரிகள் வேண்டும். சந்தேகப்படுகிற ஆளின் பேரை எழுதுவதால் ஒன்றும் நடக்காது. ஏற்றுக்கொண்டால் வரவு கணக்கில் சேரும், கார்டுக்குத் திரும்பாது. மருமகனிடம் அதை முதலே சொல்லிவிடுங்கள்.